பிஎச்பி செத்துப்போச்சா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினாறு வருடமாக, இணையதளங்களின் சர்வரில் ஓடும் பிஎச்பி என்ற நிரலாக்க மொழியில்தான் எனக்குச் சோறு. அலுவலகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், கூட வேலை பார்த்துவிட்டு வேறு மொழிக்குப் போன நண்பர்கள், கல்லூரியை முடிக்கப்போகும் அக்கா மகன் என்று யாரைப் பார்த்தாலும் சுற்றிச் சுற்றி அதே கேள்விகள். டீக்கடையில் நின்றுகொண்டு சொன்ன பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் அவரவர் கேட்ட வாக்கிலேயே இருக்கின்றன.

"பிஎச்பின்னா முழுப்பெயர் என்னண்ணா? தேடினா ரெண்டு விதமா வருது."

இரண்டும் சரிதான். 1994இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் இணையத்தில் போட்டிருந்த தன் சுயவிவரத்தை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கண்காணிக்க, சி மொழியில் சில சின்ன நிரல்கள் எழுதினார். அதற்குப் பெயர் 'பெர்சனல் ஹோம் பேஜ் டூல்ஸ்'. 1995 ஜூனில் மூலநிரலை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். ஒரு நிரலாக்க மொழி செய்யும் எண்ணமே தனக்கு இருந்ததில்லை என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார்.

இஸ்ரேலின் டெக்னியனில் படித்துக்கொண்டிருந்த ஆண்டி குட்மன்ஸ், ஸீவ் சுராஸ்கி என்ற இரண்டு மாணவர்கள், தங்கள் கல்லூரிப் பிராஜெக்டுக்கு அது போதாமல், 1997இல் அடியிலிருந்து திருப்பி எழுதினார்கள். அது 1998இல் பிஎச்பி 3 ஆக வந்தபோது பெயர் 'பிஎச்பி: ஹைப்பர்டெக்ஸ்ட் ப்ரீப்ராசஸர்' ஆனது. விரித்தால் உள்ளே மறுபடி பிஎச்பி, அதை விரித்தால் மறுபடி. நிரலாளர் நகைச்சுவை, விட்டுவிடுங்கள். கொட்டகையாக ஆரம்பித்து, ஆள் வர வர மாடி மாடியாக ஏற்றிய வீடு இது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பல கேள்விகளுக்கு அதுவே பாதி பதில்.

"பிஎச்பி செத்துப்போச்சுன்னு வருஷா வருஷம் செய்தி போடறாங்களே, படிக்கலாமா வேண்டாமா?"

சாவது பிஎச்பிக்குப் புதிதில்லை. அது ஒரு நாளைக்கு லட்சம் தடவை சாகிறது. யாராவது பக்கத்தைத் திறந்தால் பிறக்கிறது, பக்கத்தைக் கொடுத்ததும் தன் வேரியபிள், தன் நினைவகம் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறது. நீங்கள் எங்காவது நினைவகத்தைக் கசியவிட்டிருந்தாலும் அந்தக் கசிவு அடுத்த கோரிக்கைக்கு வராது. அரைகுறையாக எழுதிய தளங்கள்கூட வருடக்கணக்கில் ஓடுவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். கோப்பை சர்வரில் போட்டால் போதும், ஓடும். 300 ரூபாய் ஹோஸ்டிங்கிலும் ஓடும்.

செய்தி விஷயத்துக்கு வருவோம். சர்வரில் எந்த மொழி ஓடுகிறது என்று கண்டுபிடிக்க முடிந்த தளங்களில் பத்தில் ஏழுக்கு மேல் பிஎச்பிதான் என்பது, தளங்களைக் கணக்கெடுக்கும் டபிள்யூ3டெக்ஸ் சொல்லும் கணக்கு. இதைக் காட்டி மார்தட்டவும் வேண்டாம். அதில் பெரும்பங்கு, பிஎச்பியில் எழுதிய வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருள். வருடக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காத பல் டாக்டர் பக்கமும் அந்தக் கணக்கில் ஒன்றுதான். 'செத்துப்போச்சு' என்று போட்டால் ஆள் வந்து படிப்பார்கள். '8.4 வெளிவந்தது, சில வசதிகள் சேர்ந்தன' என்று போட்டால் என்னைப் போன்ற நாலு பேர் படிப்போம். வேலைக்காகப் படிக்கிறீர்கள் என்றால் படியுங்கள். வேலை இருக்கிறது.

"அப்புறம் ஏன் எல்லாரும் திட்டறாங்க? தெரியாதவங்க திட்டறாங்களா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு சீனியர் எங்களிடம் அடிக்கடி சொல்வார். பல வருடம் நானும் அதை நம்பினேன். பிறகுதான் மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். கூடம் உண்மையிலேயே கோணல்தான்.

உதாரணத்துக்குப் பெயர்களை எடுத்துக்கொள்ளுங்கள். சில ஃபங்ஷனில் அடிக்கோடு இருக்கும், சிலதில் இருக்காது. சிலது முழு வார்த்தை, சிலது சி மொழியிலிருந்து அப்படியே தூக்கிய சுருக்கம். ஆரம்ப காலத்தில் ஃபங்ஷன் பெயர்களை உள்ளே அடுக்கி வைக்க, பெயரில் எத்தனை எழுத்து என்பதையே அடையாள எண்ணாக வைத்திருந்தார்களாம். எல்லாப் பெயரும் ஒரே நீளமாக இருந்தால் ஒரே அறையில் நெரியும். அதனால் நீளம் பரவலாக இருக்கிற மாதிரி பெயர் வைத்ததாக 2013இல் லெர்டார்ஃபே விளக்கினார். தன் சுயவிவரத்துக்காக எழுதியவருக்கு அது போதும். அந்தப் பெயர்களைத்தான் நாம் இன்றும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.

"ஸ்ட்ரிபாஸ்ல தேடற வார்த்தை ரெண்டாவது, இன்_அரேல முதலாவது. எப்படித்தான் ஞாபகம் வெச்சுக்கறீங்க?"

வைத்துக்கொள்வதில்லை, எடிட்டர் சொல்லும். ஒரு குறுக்குவழி உண்டு: ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துத் தொடரில், தேடும் ஃபங்ஷன்களில் வைக்கோல்போர் (தேடும் இடம்) முதலில், ஊசி (தேடும் பொருள்) பிறகு. அரேயில், அதாவது பட்டியலில், தேடுவதில் ஊசி முதலில். ஒவ்வொரு கூட்டமும் தன்னளவில் ஒழுங்குதான், இரண்டும் சேரும்போதுதான் தகராறு. 8.0 முதல் அளபுருவின் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் உள்ளீட்டின்) பெயரையே சொல்லி மதிப்பைக் கொடுக்கலாம் என்பதால் வரிசைக் குழப்பம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

"எப்பவும் மூணு சமக்குறி போடுன்னு திட்டறீங்களே, ரெண்டு போட்டா என்ன ஆகும்?"

மூன்று போட்டால் எதையும் மாற்றாமல் அப்படியே ஒப்பிடும். இரண்டு சமக்குறி போட்டால் பிஎச்பி இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்திப் பார்க்கும். இணையத்தில் படிவத்திலிருந்து வருவதெல்லாம் ஸ்ட்ரிங்தான். '5' என்று வந்தது 5க்குச் சமமாக இருக்கட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்தது. ஆனால் 8.0க்கு முன்பு 0 == 'அம்மா' என்றால் ஆமாம் என்றது. 'அம்மா'வை எண்ணாக மாற்றினால் 0 அல்லவா! 2020 நவம்பரில் வந்த 8.0இல் அதைத் திருத்திவிட்டார்கள். எல்லாவற்றையும் திருத்திவிடவில்லை. '1e3' == '1000' இன்னும் ஆமாம்தான், இரண்டுமே எண் மாதிரி தெரிவதால். கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமிக்கும் ஹேஷ் இரண்டு '0e' என்று தொடங்கி, பின்னால் வருவதெல்லாம் இலக்கமாக இருந்துவிட்டால் இரண்டும் பூஜ்யமாகி ஒன்றுக்கொன்று சமமாகிவிடும். பூட்டு திறந்துகொள்ளும்.

இன்னொன்று நானே பட்டது. ஒரு தளத்தில் கருத்துப் பெட்டிக்குக் கெட்ட வார்த்தை வடிகட்டி எழுதினேன். ஸ்ட்ரிபாஸ் கண்டுபிடித்தால் தடு, அவ்வளவுதான். நன்றாக ஓடியது. ஒரு வாரத்தில் ஒரு புண்ணியவான் கருத்தின் முதல் வார்த்தையாகவே அதைப் போட்டார். உள்ளே போய்விட்டது. வார்த்தை இருந்த இடம் 0. என் 'இஃப்' அதைப் 'பொய்' என்று எடுத்துக்கொண்டது. கண்டுபிடிக்கவில்லை என்றால் 'பொய்' வரும், முதலிலேயே கண்டுபிடித்தால் 0 வரும், இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இதற்காகவே 8.0இல் ஸ்ட்ர்_கன்டெய்ன்ஸ் வந்தது. இருபத்தைந்து வருடம் கழித்து.

"ஃபார்ஈச் ரெண்டு தடவை ஓட்டினா கடைசி ஆளோட தொகை மட்டும் மாறிடுது. என் கம்ப்யூட்டர்ல ஏதாவது பிரச்சனையா?"

இல்லை. முதல் லூப்பில் வேரியபிளுக்கு முன்னால் '&' போட்டிருப்பீர்கள், பாருங்கள். கட்டணப் பட்டியல் 800, 950, 1200 என்று வைத்துக்கொள்வோம். முதல் லூப் முடிந்த பிறகும் அந்த வேரியபிள் கடைசிப் பெட்டியோடு கட்டப்பட்டேதான் இருக்கிறது, யாரும் அவிழ்க்கவில்லை. இரண்டாவது லூப்பை '&' இல்லாமல் அதே பெயரில் ஓட்டுகிறீர்கள். முதல் சுற்றில் 800 அந்த வேரியபிளுக்குள் போகிறது, அதாவது கடைசிப் பெட்டிக்குள். அடுத்த சுற்றில் 950 போகிறது. மூன்றாவது சுற்றில் கடைசிப் பெட்டியைப் படித்தால் அதில் 950 உட்கார்ந்திருக்கிறது. ஆக 800, 950, 950.

லூப் முடிந்ததும் அந்தக் கட்டை அவிழ்க்க அன்செட் போடுங்கள். அதைவிட நல்லது, '&' போடுவதையே விட்டுவிடுவது. இது பிழை என்று எத்தனையோ பேர் புகார் கொடுத்துவிட்டார்கள், மொழி இப்படித்தான் வேலை செய்யும் என்பதே பதில். கையேட்டில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள். விழுந்து எழுந்த பிறகுதான் அதைப் படிப்போம்.

"தமிழ் தலைப்பை 30 எழுத்தில வெட்டினா கடைசியில கறுப்பா ஒரு கேள்விக்குறி வருது. ஃபான்ட் பிரச்சனையா?"

ஃபான்ட் மேல் பழி போடாதீர்கள். 'தமிழ்' என்று எழுதி, நீளம் சொல்லும் ஸ்ட்ர்லென் ஃபங்ஷனைக் கேட்டுப் பாருங்கள், 15 என்று சொல்லும். அது எண்ணுவது பைட்டை. எழுத்தை பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். எம்பி_ஸ்ட்ர்லென் கேட்டால் 5 என்று சொல்லும்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 3 என்று சொல்லும், அதுதான் சரி. அந்த 3ஐச் சொல்வது கிராஃபீம்_ஸ்ட்ர்லென். அதற்கு சர்வரில் 'இன்டிஎல்' நீட்சி போட்டிருக்க வேண்டும்.

நீங்கள் பைட் கணக்கில் வெட்டும் ஸப்ஸ்ட்ரால் வெட்டியதால் ஓர் எழுத்தின் 3 பைட்டில் ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சியது. உலாவி அதைத்தான் கேள்விக்குறியாகக் காட்டுகிறது. சரி, குறியீட்டுக் கணக்கில் வெட்டும் எம்பி_ஸப்ஸ்ட்ருக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். கேள்விக்குறி போய்விடும், புள்ளியும் போய்விடும். 'கண்' என்பதை இரண்டு குறியீட்டில் வெட்டினால் 'கண' என்று நிற்கும். ஒரு செய்தித்தளத்துக்கு வேலை செய்தபோது 'மாணவர்' எல்லாம் 'மாணவர' ஆகி, ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்தது. கேள்விக்குறி வந்திருந்தால் பிழை என்று நான் முன்பே பார்த்திருப்பேன். புள்ளி தொலைந்ததைத் தமிழ் படிப்பவர்தான் பார்க்க முடியும். கிராஃபீம்_ஸப்ஸ்ட்ரால் வெட்டுங்கள்.

இதில் இன்னும் நுணுக்கமான ஒன்று. 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் சேமிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. மூணு சமக்குறி போட்டால் இரண்டும் வேறு என்று சொல்லும், இந்தத் தடவை இரண்டு சமக்குறியும் அதையே சொல்லும். தேடல் பெட்டியில் 'கொடி' என்று அடித்தவருக்கு ஒன்றும் வரவில்லை என்றால் இதையும் சந்தேகப்படுங்கள். சேமிக்கும் முன்பே நார்மலைசரில் போட்டு ஒரே வடிவமாக்கிவிட்டால் தலைவலி இல்லை.

"5க்கு அப்புறம் நேரா 7. ஆறு எங்க போச்சு?"

நம் 'தமிழ்' 15 ஆன கதையின் மறுபாதி அது. மொழியின் அடிவயிற்றிலேயே, எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடை வைத்து எல்லா ஸ்ட்ரிங்கையும் யூடிஎஃப்-16 ஆக்குவோம் என்று 2005 வாக்கில் இறங்கினார்கள். பிஎச்பிக்கோ வருவதும் யூடிஎஃப்-8, போவதும் யூடிஎஃப்-8. உள்ளே வரும்போது ஒரு மாற்றம், வெளியே போகும்போது ஒரு மாற்றம். நினைவகம் எகிறியது, வேகம் படுத்தது, வேலை செய்ய ஆளும் ஓய்ந்தார்கள். 2010இல் கைவிட்டார்கள். அதற்குள் பிஎச்பி 6 என்று அட்டையில் போட்டுப் புத்தகங்களே விற்பனைக்கு வந்திருந்தன. அந்தக் குழப்பம் வேண்டாம் என்று அடுத்ததற்கு 7 என்று ஓட்டுப் போட்டு முடிவெடுத்தார்கள். அந்த முயற்சி ஜெயித்திருந்தால் முந்தைய பதிலை நான் எழுதியிருக்க வேண்டியதில்லை.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் திருத்த மாட்டேங்கறாங்க?"

திருத்துகிறார்கள், ஆனால் இருபது வருடத்துப் பழைய நிரல் உடையும்போது அழும் ஆட்களை நினைத்துக்கொண்டு திருத்துகிறார்கள். ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்று ஒன்று இருந்தது. முகவரிப் பட்டையில் எதை எழுதினாலும் அது உங்கள் நிரலுக்குள் வேரியபிளாக வந்து நிற்கும். திறந்த வீட்டில் யாரும் நுழையலாம் என்ற கணக்கு. 2002இல் அதை இயல்பாக அணைத்து வைத்தார்கள், ஒரேயடியாக நீக்கியது 2012இல், 5.4 வந்தபோது. பத்து வருடம். மைஸ்க்யூஎல் தரவுத்தளத்தோடு பேசும் பழைய ஃபங்ஷன்கள் 2015 டிசம்பரில் வந்த 7.0இல் போயின. மாற்றம் கேட்பவர் முன்மொழிவு எழுத வேண்டும், ஓட்டில் மூன்றில் இரண்டு பங்கு வர வேண்டும்.

ஆனால் அரே ஊசியையும் வைக்கோல்போரையும் இடம் மாற்றச் சொல்லி யாராவது முன்மொழிந்தால் நானே எதிர்த்துப் பேசுவேன். எங்கள் அலுவலகத்திலேயே அந்த ஃபங்ஷனை ஆயிரம் இடத்துக்கு மேல் கூப்பிட்டிருக்கிறோம். கோணல் பழகிப்போன வீட்டில் சுவரை நகர்த்தினால் இருட்டில் தலை இடிக்கும்.

"ஃபேஸ்புக்கே விட்டுட்டுப் போயிடுச்சே?"

பாதி உண்மை. பிஎச்பி மெதுவாக இருந்ததால் அவர்கள் 2010இல் அதை சி++ ஆக மாற்றும் ஹிப்ஹாப் கருவியை வெளியிட்டார்கள். பிறகு பிஎச்பி நிரலை ஓட்டும் எச்எச்விஎம் என்ற சொந்த இயந்திரம். 2014இல் ஹேக் என்று பிஎச்பியின் தங்கை மாதிரி ஒரு மொழியையே அறிவித்தார்கள். எச்எச்விஎம் பிற்பாடு பிஎச்பிக்கான ஆதரவையே நிறுத்திவிட்டது.

ஆனால் அந்தப் போட்டி பிஎச்பிக்கு நல்லதைச் செய்தது. 7.0இல் உள்ளமைப்பை மாற்றி எழுதினார்கள். ஒரு மதிப்பை வைக்கும் பெட்டியின் அளவு 24 பைட்டிலிருந்து 16 ஆனது. பல தளங்கள் ஒரு வரிகூட மாற்றாமல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடின. விக்கிப்பீடியா 2014இல் எச்எச்விஎம்முக்குப் போய், 2019இல் பிஎச்பி 7க்குத் திரும்பி வந்தது. விக்கிப்பீடியாவை ஓட்டுவது மீடியாவிக்கி என்ற பிஎச்பி மென்பொருள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதில்தான் ஓடுகிறது. அங்கே நீங்கள் படிக்கும் ஒவ்வொரு கட்டுரையும் பிஎச்பி கொடுப்பதுதான்.

"2021ல பிஎச்பியோட நிரலுக்குள்ளயே யாரோ திருட்டுக் கதவு வெச்சுட்டாங்கன்னு படிச்சேன். நம்பி எழுதலாமா?"

நடந்தது உண்மை. 2021 மார்ச் 28 அன்று லெர்டார்ஃப் பெயரிலும், பிஎச்பியின் முக்கிய நிரலாளர்களில் ஒருவரான நிகிதா போபோவ் பெயரிலும் யாரோ மூலநிரலுக்குள் மாற்றத்தைத் தள்ளினார்கள். ஒரு குறிப்பிட்ட வார்த்தையோடு கோரிக்கை வந்தால் அனுப்பியவர் சொல்வதை ஓட்டும் நிரல். சில மணி நேரத்திலேயே பிடித்துவிட்டார்கள், எந்த வெளியீட்டிலும் அது போகவில்லை. அதற்குப் பிறகு, யார் எதை மாற்றினார்கள் என்று பதிவு வைக்கும் சொந்த கிட் சர்வரை விட்டுவிட்டு கிட்ஹப் தளத்துக்கு மாறினார்கள்.

என்னைக் கேட்டால் அந்த வருடத்தின் பெரிய செய்தி வேறு. நிகிதா போபோவ் எல்எல்விஎம் என்ற கம்பைலர் திட்டத்தின் பக்கம் போகிறார் என்ற அறிவிப்பு அது. பத்தில் ஏழு தளம் என்று மேலே சொன்னேனே, அந்த மொழியின் உள்ளுக்குள் கை வைக்கத் தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்த நவம்பரில்தான் எடிட்டர் விற்கும் ஜெட்பிரெயின்ஸ், வேர்ட்பிரஸ்.காம் நடத்தும் ஆட்டோமேட்டிக் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து பிஎச்பி அறக்கட்டளையை ஆரம்பித்து, சம்பளம் கொடுத்து ஆள் வைத்தன. இது இவ்வளவு தாமதமாக நடந்தது என்பது எனக்கு இன்னும் ஆறாத விஷயம். 'செத்துப்போச்சு' செய்தி போட்டவர்களில் எத்தனை பேர் இதைப் போட்டார்கள்?

"கிளையன்ட் இன்னும் 5.6லயே இருக்கார். ஓடுதுல்ல, விடுங்கறார்."

5.6க்குப் பாதுகாப்புத் திருத்தம் 2018 டிசம்பரோடு முடிந்தது என்பதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பேச்சில் சொன்னது பிறகு உதவாது. ஒரே தாவலாக 8க்குப் போகாதீர்கள். 7.0, 7.4, அப்புறம் 8 என்று படிப்படியாக, ஒவ்வொரு படியிலும் எச்சரிக்கைகளை லாக்கில் எழுதவிட்டு ஒரு வாரம் பாருங்கள். நிரலை ஓட்டாமலே பிழை தேடும் பிஎச்பிஸ்டான் கருவியை மிகத் தாழ்ந்த நிலையில் ஓட்டினாலே பாதி குப்பை கண்ணில் படும். திரும்பத் திரும்ப வரும் மாற்றங்களை ரெக்டர் என்ற கருவி செய்துகொடுக்கும்.

மதிப்பே இல்லாத வேரியபிளில், எத்தனை இருக்கிறது என்று எண்ணும் கவுண்ட் போட்டிருக்கும் இடங்கள் 7.2இல் முணுமுணுக்கும், 8.0இல் நிரலையே நிறுத்தும். 0ஐ ஸ்ட்ரிங்கோடு ஒப்பிட்ட இடங்கள் அதைவிட மோசம், ஏனென்றால் சத்தமே வராது. விடை மட்டும் மாறியிருக்கும்.

"பாமாயிம் நெகுதோதாயிம்னு எரர் வருது. வைரஸா?"

ஹீப்ரு. இரட்டை முக்காற்புள்ளி என்று அர்த்தம், '::' குறியைச் சொல்கிறது. டெக்னியன் மாணவர்களை நினைவிருக்கிறதா? பழைய வெர்ஷனில் இந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துப் பயந்தவர் நீங்கள் மட்டும் இல்லை.

"பேசாம எல்லாத்தையும் வேற மொழில புதுசா எழுதிடலாமே?"

ஒரு தடவை நாங்களும் கிளம்பினோம். எட்டு மாதம் ஆனது. பழைய நிரலில் ஏன் என்றே தெரியாமல் இருந்த 'இஃப்' ஒவ்வொன்றும் எவரோ ஒரு வாடிக்கையாளரின் புகாருக்குப் போட்ட கட்டு என்பது, நாங்கள் அதை எடுத்த பிறகு அதே புகார் திரும்பி வந்தபோது தெரிந்தது. கடைசியில் அரட்டைப் பகுதியை மட்டும் வேறு மொழியில் வைத்துக்கொண்டு, மற்றதைப் பழையபடி பிஎச்பியிலேயே விட்டோம். ஒரே இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேச வேண்டிய வேலைக்கு, பிறந்து பிறந்து சாகும் வழக்கம் தோதுப்படாது. அதற்கென்று கருவிகள் இருக்கின்றன, ஆனாலும் நான் புதிதாகத் தொடங்கினால் அந்த வேலையை வேறு மொழியில்தான் செய்வேன்.

"இவ்வளவு வருஷம் ஆச்சே, உங்களுக்கு இப்பவும் கோபம் வருமா?"

வரும். போன வாரம்கூட வந்தது. அரேயில் இருப்பதை ஒட்டி ஒரே ஸ்ட்ரிங்காக்கும் இம்ப்ளோடில் இணைப்புக்குறி முதலா அரே முதலா என்பதை நான் மனப்பாடம் செய்ததே இல்லை, ஏனென்றால் மொத்த மொழியிலும் அந்த ஒன்றில்தான் எப்படிக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும். 7.4இல் அதற்கு எச்சரிக்கை வந்தது, நான் கவனிக்கவில்லை. 8.0இல் அந்தச் சலுகையையும் எடுத்துவிட்டார்கள். பழைய தளம் ஒன்றை மேலே ஏற்றியபோது நாற்பத்தோரு இடத்தில் உடைந்தது. கிட்டில் யார் எழுதினது என்று பார்த்தேன். எல்லாம் நான்தான்.